மனிதரை அளவுகோலாகக் கொண்ட நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா நகரங்களும் மனிதர்களுக்காகத்தானே கட்டப்படுகின்றன? ‘மனிதருக்கான நகரம்’ என்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

நோக்கத்தில் அப்படித்தான். ஆனால் ஒரு நிர்வாகம் எதை எண்ணுகிறதோ அதையே கவனிக்கிறது. ஒரு சந்திப்பை மணிக்கு எத்தனை வாகனங்கள் கடக்கின்றன, அவை சிக்னலில் எத்தனை விநாடி காத்திருக்கின்றன என்ற கணக்கு பெருநகரங்களில் பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்டு வருகிறது. அதே சந்திப்பில் எத்தனை பேர் நின்று பேசினார்கள், எத்தனை முதியவர்கள் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். கணக்கில் வராதது வரைபடத்திலும் வருவதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் நடைபாதையில் கை வைப்பதற்கு இதுவே காரணம்.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் பொதுவெளியில் நடப்பவற்றை மூன்றாகப் பிரித்தார். வேலைக்குப் போவது, பேருந்துக்குக் காத்திருப்பது போன்றவை கட்டாயச் செயல்கள்; இடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இவை நடக்கும். காற்று வாங்குவது, வேடிக்கை பார்ப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது ஆகியவை விருப்பச் செயல்கள்; இடம் நன்றாக இருந்தால் மட்டுமே இவை நடக்கும். பிறரைப் பார்ப்பதும் பேசுவதும் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதும் சமூகச் செயல்கள். முதலிரண்டுக்காகவும் மக்கள் ஒரே இடத்தில் கூடும்போது இவை தாமாக விளைகின்றன. ஆகவே ஒரு தெருவை மதிப்பிட, அதைக் கடந்து போனவர்களின் எண்ணிக்கையோடு அங்கே தங்கியவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் தங்கிய நேரத்தையும் பார்க்க வேண்டும். இப்பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இந்தத் ‘தங்குதல்’தான்.

இந்தச் சிந்தனை எப்போது தோன்றியது?

பழைய நகரங்களுக்கு இது தேவைப்படவே இல்லை. நடந்து போனவர்கள் கட்டியதால் அவை நடையின் அளவிலேயே அமைந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குடியிருப்பு ஓரிடம், வேலை ஓரிடம், பொழுதுபோக்கு ஓரிடம் என்று பிரித்து, அவற்றை அகலச் சாலைகளால் இணைப்பதே நவீனம் என்ற கருத்து பரவியது. 1960இல் திறக்கப்பட்ட பிரேசிலின் தலைநகரம் பிரசிலியா இதன் முழுமையான வடிவம். விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு அது இறக்கை விரித்த பறவையைப் போலத் தெரியும். அதன் நடு அச்சில் ஓர் அமைச்சகக் கட்டடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து போகிறவருக்கு அது முடிவில்லாத புல்வெளியும் வெயிலுமாகவே தெரியும். (அங்குள்ள குடியிருப்புத் தொகுதிகளின் மரநிழல் இனிமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை கட்டடங்களைவிட அவற்றுக்கிடையே உள்ள தொலைவில்தான் இருக்கிறது.)

இதற்கு எதிரான குரல்கள் அதே காலத்தில் எழுந்தன. நியூயார்க்கில் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், குறுகிய கட்டடத் தொகுதிகள், கலந்த பயன்பாடு, பழையதும் புதியதுமான கட்டடங்கள், போதிய மக்கள் அடர்த்தி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தெரு உயிரோடிருக்கும் என்று வாதிட்டார். கீழ் மன்ஹாட்டனை ஊடறுத்துப் போக இருந்த விரைவுச்சாலைத் திட்டம், அவரும் சேர்ந்து நடத்திய மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கோபன்ஹேகனில் யான் கெல்லிடம் உளவியலாளரான அவருடைய மனைவி இங்ரிட், கட்டடக் கலைஞர்களுக்கு மனிதர்கள்மீது ஏன் அக்கறையே இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி அவருடைய வேலையின் திசையையே மாற்றிவிட்டது.

‘மனித அளவு’ என்று சொல்வதை உண்மையிலேயே அளக்க முடியுமா?

முடியும். அதற்கான கருவிகள் நம் கண்ணும் காதும் காலும்தான். திறந்த வெளியில் சுமார் 100 மீட்டர் தொலைவிலிருந்து, வருவது ஒரு மனிதர் என்பதும் அவர் என்ன செய்கிறார் என்பதும் தெரியும். அவருடைய முகத்தையும் அதன் உணர்ச்சியையும் படிக்க 25 மீட்டருக்குள் வர வேண்டும். குரலை உயர்த்தாமல் பேச இன்னும் சில மீட்டருக்குள் வர வேண்டும். பலராலும் விரும்பப்படும் சதுக்கங்கள் பெரும்பாலும் 100 மீட்டருக்கு மேல் நீளாமல் இருப்பது தற்செயல் அன்று. அதைவிடப் பெரிய சதுக்கத்தில், எதிர்க்கரையில் இருப்பவர் வெறும் புள்ளியாகிவிடுகிறார்.

உயரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். மூன்றாம் மாடியிலிருந்து கீழே போகிறவரை அடையாளம் கண்டு கூப்பிடலாம். ஐந்தாம் மாடிக்கு மேலே போனால் தெருவோடு உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அங்கிருப்பவருக்கு மேகமும் தொடுவானமும்தான் அண்டை வீட்டார்.

வேகத்தின் கணக்கு இன்னும் சுவையானது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் 100 மீட்டரைக் கடக்க 72 விநாடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் அதே தொலைவை 6 விநாடியில் கடந்துவிடும். காருக்காக வடிவமைத்த தெருவில் எழுத்துகள் பெரியவை, சுவர்கள் நீளமானவை, விவரங்கள் குறைவானவை. 6 விநாடிக்கு அது போதும். அதே சுவரை ஒட்டி 72 விநாடி நடப்பவருக்கோ பார்க்க ஒன்றுமில்லை, தொலைவும் இரண்டு மடங்காகத் தோன்றுகிறது. 100 மீட்டருக்கு 15 முதல் 20 வாசல்கள் இருக்க வேண்டும் என்று கெல் பரிந்துரைப்பது இதனால்தான். ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒரு வாசல், ஒரு சாளரம், ஒரு திண்ணை, ஒரு முகம் என்று கண்ணுக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தால் கால் வலிப்பது தெரியாது.

அப்படியானால் கார்களைத் தடை செய்ய வேண்டும் என்பதுதான் இதன் பொருளா?

இல்லை. எந்த வாகனம் எந்தத் தெருவில், எந்த வேகத்தில், எதற்காக வருகிறது என்பதைத் தீர்மானிப்பதே இதன் பொருள். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் தன் மையப்பகுதியைப் பல பிரிவுகளாகப் பிரித்தது. எல்லாப் பிரிவுக்கும் காரில் போகலாம். ஆனால் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நேராகப் போக முடியாது, வட்டச்சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். குறுக்கே புகுந்து போவதற்காக மட்டும் வந்த வாகனங்கள் இதனால் விலகிவிட்டன. பார்சிலோனாவில் ஒன்பது கட்டடத் தொகுதிகளை ஒன்றுசேர்த்து, ஊடுருவிப் போகும் போக்குவரத்தை வெளிச்சாலைகளுக்குத் தள்ளிவிட்டு, உள்தெருக்களை மேசை, மரம், விளையாட்டு என்று மாற்றும் ‘பெருந்தொகுதி’ முறையும் இதே தத்துவம்தான். 2016இல் போப்லெனோவில் அது தொடங்கியபோது எதிர்ப்பும் இருந்தது. அறிவிப்புக்கும் கலந்துரையாடலுக்கும் போதிய நேரம் தராததும் அதற்கு ஒரு காரணம்.

வாகன எண்ணிக்கைக்கும் மனித உறவுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டியவர் நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில், ஏறத்தாழ ஒரே மாதிரியான மூன்று தெருக்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்கு சுமார் 2,000 வாகனங்கள், இரண்டாவதில் 8,000, மூன்றாவதில் 16,000. அமைதியான தெருவில் வசித்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நெரிசலான தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, சராசரி 0.9. ‘உங்கள் வீட்டின் எல்லை எதுவரை?’ என்று கேட்டு வரையச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் எதிர்ச்சாரியையும் சேர்த்துத் தெரு முழுவதையும் சுற்றிக் கோடு போட்டார்கள். நெரிசலான தெருக்காரர்களின் கோடு தங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டது. வீட்டின் பரப்பளவு மாறவில்லை. ‘என்னுடையது’ என்று உணரும் பரப்பு சுருங்கிவிட்டது.

குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேக வரம்பு அவ்வளவு முக்கியமா?

ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு, 13 மீட்டர் தொலைவில் வரும் காருக்கு முன்னால் ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் அந்த ஒரு விநாடியில் கார் 8 மீட்டர் நகரும்; உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். குழந்தைக்கு அருகில் நிற்கும், அவ்வளவுதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்தால் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது பிரேக்கில் கால் படும் முன்பே, வேகம் சிறிதும் குறையாமல் குழந்தைமீது மோதிவிடும்.

இதைப் பலகை வைத்து மட்டும் சாதிக்க முடியாது. அகலமான நேர்ச்சாலையில் ‘30’ என்று எழுதி வைத்தால் யாரும் மதிப்பதில்லை. சாலையைக் குறுக்கி, திருப்பங்களின் வளைவைக் கூர்மையாக்கி, கடக்குமிடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் கால் தானாக மெதுவாகும். நகரின் பெரும்பகுதியில் வேகத்தைக் குறைத்த ஹெல்சிங்கியில் 2019ஆம் ஆண்டு முழுவதும் சாலை விபத்தில் ஒரு பாதசாரிகூட இறக்கவில்லை.

கார்கள் வராவிட்டால் கடைகள் படுத்துவிடாதா?

எந்த நகரத்திலும் வணிகர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இது. கோபன்ஹேகனின் முக்கியக் கடைத்தெருவான ஸ்ட்ரோயெட் 1962 நவம்பரில் சோதனை முறையில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டபோதும் இதே அச்சம் எழுந்தது. நாம் என்ன இத்தாலியர்களா, இந்தக் குளிரில் யார் தெருவில் உலாவுவார்கள் என்றும் கேட்டார்கள். தெரு நிரம்பியது, வியாபாரமும் பெருகியது. 1964இல் அந்த ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1959இல் கலமசூ நகரம் தொடங்கி வைத்ததைப் பின்பற்றிப் பல நகரங்கள் கடைத்தெருக்களை நடைவெளிகளாக மாற்றின. அவற்றில் பெரும்பாலானவை வெறிச்சோடி, பிறகு மீண்டும் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டன. கலமசூவே 1990களின் இறுதியில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அங்கே மையப்பகுதியில் குடியிருந்தவர்கள் குறைவு, பேருந்து வசதி குறைவு, வாடிக்கையாளர்கள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். நடந்து வரும் தொலைவில் ஆட்கள் இல்லாத இடத்தில் காரை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது காலியான கல்தளம்தான்.

பொதுவெளி வெற்றி பெற எது மிகவும் தேவை?

உட்கார ஓர் இடம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த விடையைக் கண்டுபிடிக்க ஒருவர் பல ஆண்டுகள் படம் எடுக்க வேண்டியிருந்தது. நியூயார்க் நகரம் 1961இல் ஒரு விதி கொண்டுவந்தது: கட்டடத்தின் முன்னால் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம். நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு திறந்தவெளி விட்டன. அவற்றில் பல எப்போதும் காலியாகக் கிடந்தன. 1970களில் நகர ஆய்வாளர் வில்லியம் எச். வைட், எதிர்க்கட்டடங்களில் கேமராக்களைப் பொருத்தி, நாள் முழுவதும் இடைவெளி விட்டுப் படமெடுத்து ஆராய்ந்தார். வெயில் காரணமா? ஓரளவு. வெளியின் வடிவமா? இல்லை. பரப்பளவா? அதுவும் இல்லை. உட்கார இடம் நிறைய இருந்த வெளிகளில் மக்கள் உட்கார்ந்தார்கள். எஞ்சியவை காலியாக இருந்தன. 1975இல் விதி திருத்தப்பட்டு, ஒவ்வொரு 30 சதுர அடித் திறந்தவெளிக்கும் ஓரடி நீள இருக்கை கட்டாயமாக்கப்பட்டது.

அவருடைய படங்களில் ஒரு சிறு காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒருவர் நகர்த்தக்கூடிய நாற்காலியிடம் வருகிறார். உட்காரும் முன் அதைச் சில அங்குலம் இப்படித் தள்ளுகிறார், பிறகு அப்படித் தள்ளுகிறார். கடைசியில் நாற்காலி இருந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. அவரும் திருப்தியோடு உட்காருகிறார். வெயிலும் நிழலும் அங்கே மாறவில்லை. ‘என் இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்’ என்ற உணர்வு அவருக்குக் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருப்பவருக்கு ‘உங்கள் இடத்தில் குறுக்கிட மாட்டேன்’ என்ற சேதியும் போய்விட்டது. தரையில் அறைந்து பொருத்திய இருக்கையால் இதைச் செய்ய முடியாது.

நின்று பேசுகிறவர்கள் கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஓரமாகப் போவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். படத்தில் தெரிந்ததோ நேர்மாறு: ஆள் நடமாட்டத்தின் நட்ட நடுவிலேயே நின்று பேசினார்கள். மனிதரை ஈர்ப்பவர் மனிதரே. ஆகவே சுவரைப் பார்த்துப் போட்ட இருக்கையும், நடைபாதையிலிருந்து ஒதுக்கிப் புதருக்குப் பின்னால் மறைத்த இருக்கையும் வீண். படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைத்த இருக்கைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: வீடற்ற ஒருவரைத் துரத்துவதற்காகச் செய்த அந்த ஏற்பாடு, குழந்தையை மடியில் கிடத்த வேண்டிய தாயையும் சேர்த்தே துரத்துகிறது.

அடர்த்தி வேண்டும் என்றால் வானளாவிய கட்டடங்கள்தான் வழியா?

இல்லை. பார்சிலோனாவின் எய்ஷாம்ப்லே பகுதி ஐரோப்பாவின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. அதன் கட்டடங்கள் பெரும்பாலும் ஆறேழு மாடிகள்தான். உயரமான கட்டடம் கட்டவே கூடாது என்பதும் இல்லை. அதன் தரைத்தளம் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறதா, அல்லது கார் நிறுத்துமிடமும் மதிலுமாக முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

திறந்த தெருக்கள் பாதுகாப்பானவையா? கேமராக்கள் போதாதா?

கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கும்போது குரல் கொடுக்காது. ஜேக்கப்ஸ் ‘தெருவின் மீதுள்ள கண்கள்’ என்று சொன்னது, கடைக்காரர், மாடிச் சாளரத்தில் நிற்பவர், பேருந்துக்குக் காத்திருப்பவர் எல்லாரும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே, திட்டமிடாமல் தரும் காவலைத்தான். அதற்குப் பகலிலும் இரவிலும் வெவ்வேறு காரணங்களுக்காக ஆட்கள் வர வேண்டும். அலுவலகங்கள் மட்டுமே உள்ள பகுதி மாலையில் கதவடைத்ததும் கண்களை மூடிக்கொள்கிறது.

ஓர் இடம் பாதுகாப்பாக உணரப்படுகிறதா என்பதை அங்குள்ள பெண்களின் விகிதத்தைக் கொண்டு அறியலாம் என்பது வைட்டின் அனுபவம். வியன்னாவில் 1990களில், ஏறத்தாழ பத்து வயதுக்குமேல் சிறுமிகள் பூங்காக்களுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கவனித்தார்கள். கம்பிவேலியிட்ட ஒரே பெரிய விளையாட்டுத் திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டதும் சிறுமிகள் ஒதுங்கிவிட்டிருந்தார்கள். நுழைவழிகளை அதிகமாக்கி, வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்ததும் சிறுமிகள் திரும்பி வந்தார்கள். வேறு எந்த விதியும் தேவைப்படவில்லை.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்ன மாற வேண்டும்?

சிக்னலிலிருந்து தொடங்கலாம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்துப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுவது வழக்கம். 12 மீட்டர் அகலச் சாலைக்கு அது 10 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 விநாடி தேவை. விளக்கு மாறும்போது அவர் இன்னும் 4 மீட்டர் சாலையிலேயே இருப்பார். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவர் மறுநாள் வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்குவார். நடைபாதை விளிம்பில் சக்கர நாற்காலிக்கான சரிவு, நடுவழியில் இளைப்பாற இருக்கை, பார்வையற்றோருக்கான தொடுதரை ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

கோபன்ஹேகனின் முறையை வெப்பமான நகரங்களுக்கு அப்படியே கொண்டுவரலாமா?

கூடாது. வட ஐரோப்பாவில் வெயிலைத் தேடி இருக்கை போடுகிறார்கள். வெப்ப நாடுகளில் நிழலைத் தேடிப் போட வேண்டும். அங்கே குறுகிய தெரு இருட்டு என்று கருதப்படும். இங்கே அதுவே குளிர்ச்சி. மழையும் வெயிலும் மிகுந்த ஊர்களுக்கு இத்தாலியின் போலோன்யா நல்ல முன்மாதிரி. அங்கே கட்டடங்களை ஒட்டிய தூண் தாழ்வாரங்கள் மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும். குடை இல்லாமலே ஊரைச் சுற்றலாம். கொண்டுவர வேண்டியது கேள்வியையும் எண்ணும் முறையையும் மட்டுமே.

ஒரு பகுதி அழகானதும் வாடகை ஏறி, பழைய குடிகள் வெளியேற நேராதா?

நேரும், இதை மழுப்புவது நேர்மையாகாது. நகரில் ஒரே ஒரு தெரு மட்டும் நன்றாக இருந்தால் அது அரிய பண்டமாகி விலை ஏறும். ஆகவே ஒரு காட்சித் தெருவுக்குச் செலவழிப்பதைவிட, எல்லாப் பகுதிகளிலும் நடைபாதை, மரம், இருக்கை என்ற அடிப்படைகளைப் பரப்புவது நல்லது. கட்டுப்படியாகும் வீடுகளையும் குடியிருப்போரின் உரிமையையும் காக்கும் சட்டங்கள் வேலை தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வடிவமைப்பாளரின் கையில் இல்லை, ஆட்சியின் கையில் இருக்கிறது.

எல்லாரும் கைபேசியில் மூழ்கியிருக்கும் காலத்தில் பொதுவெளியில் யார் பேசுகிறார்கள்?

வைட் படமெடுத்த காலத்துக் காட்சிகளை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே வகை இடங்களில் எடுத்த படங்களோடு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கைபேசியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களின் விகிதம் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு; பெண்களின் விகிதம் கூடியிருந்தது. நண்பர்களோடு இருப்பவர்கள் கைபேசியை எடுப்பது குறைவு, தனியாகக் காத்திருப்பவர்களே அதை எடுத்தார்கள் என்பதும் தெரியவந்தது.

பெரும் செலவில்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

சோதனையிலிருந்து. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வேயின் ஒரு பகுதியை மூடியபோது, முறையான இருக்கைகள் வந்து சேரவில்லை; மலிவான மடக்கு நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். அடுத்த கணமே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கல் பதித்த நிரந்தர வடிவம் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. பிரேசிலின் குரிச்சிபாவில் 1972இல் மேயர் ஷைமி லெர்னர், எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்று, ஒரு வார இறுதியில் 72 மணி நேரத்துக்குள் முக்கியக் கடைத்தெருவை நடைவெளியாக்கினார். கார் ஓட்டுநர்கள் ஊர்வலமாக வந்து தெருவைத் திரும்பக் கைப்பற்றப் போவதாகச் செய்தி வந்தபோது காவலரை அழைக்கவில்லை. தெருவில் நீளமாகக் காகிதத்தை விரித்து, படம் வரையக் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு குடிமகன் என்ன செய்ய முடியும்?

எண்ணலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு தெருமுனையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேலைநாளின் மாலையிலும் ஒரு விடுமுறை நாளின் மாலையிலும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அதில் பத்து நிமிடம், ஒரு கோட்டைக் கடந்து நடப்பவர்களை எண்ணுங்கள். பிறகு ஒருமுறை அந்த இடத்தைச் சுற்றி வந்து, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், விளையாடுபவர், காத்திருப்பவர் எல்லாரையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று தனித்தனி நிறத்தில் குறித்தால் இன்னும் நல்லது. மதிலில், படிக்கட்டில், வாகனத்தின் மீது சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிடாதீர்கள்; இருக்கை எங்கே தேவை என்பதை அவர்கள் முதுகே சொல்லிவிடும். நிர்வாகத்திடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். ஏதாவது மாற்றம் செய்யப்பட்டால், அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் போய் மறுபடியும் எண்ணுங்கள்.